சொந்தக் கம்பனி, ஒரே வாடிக்கையாளர்: வரியில் எங்கே மாட்டிக்கொள்ளலாம்?

"சம்பளப் பட்டியலில் சேர்க்க ஏலாது, கம்பனி ஒன்றைப் பதிந்து மாதாமாதம் இன்வொய்ஸ் அனுப்புங்கோ." கொழும்பு நிறுவனங்களுக்குக் கொக்குவிலிலும் திருநெல்வேலியிலும் இருந்து மென்பொருள் எழுதுபவர்களுக்கு இது பழகிய பேச்சு. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒரே பங்குதாரருடன் தனியார் கம்பனி தொடங்கலாம். ஆனால் பதியமுதல் கணக்குப் போடுங்கள்.

உள்ளூர் வாடிக்கையாளரிடமிருந்து வரும் 10 இலட்சம் இலாபத்துக்குக் கம்பனி வரி 30 வீதம், அதாவது 3 இலட்சம். மீதி 7 இலட்சத்தைப் பங்கிலாபமாக எடுத்தால் அதிலும் 15 வீதம், 105,000 ரூபா. மொத்தம் 405,000. தனியாளாக உழைத்தால் உச்ச வீதமே 36. அதுவும் 2025/26 முதல் 18 இலட்சம் நிவாரணம் போக, ஆண்டு வருமானம் 43 இலட்சத்தைத் தாண்டிய பகுதிக்குத்தான். வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்கான பணம் அந்நியச் செலாவணியாக வங்கியூடாக வந்தால் தனியாளுக்கு உச்சம் 15 வீதம். அதே வேலையைக் கம்பனியூடாகச் செய்தால் 15 வீதம் கட்டியபின் பங்கிலாபத்துக்கு இன்னொரு 15. வரியை மிச்சம் பிடிக்கத்தான் கம்பனி என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். (பணிப்பாளர் சம்பளமாக எடுக்கும் தொகை கம்பனிக்குச் செலவு. மாதம் 150,000 வரை அதில் வரி பிடிபடாது.)

பெரிய ஆபத்து வேறு. லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் 'ஐஆர்35' (சொந்தக் கம்பனியூடாக வேலை செய்பவர் உண்மையில் ஊழியர் போல இருந்தால் ஊழியராகவே வரி பிடிக்கும் பிரித்தானிய விதி) என்று புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். அப்படியொரு தனிச் சட்டம் இங்கே இல்லை, கேள்வி மட்டும் அதுவேதான்: நீங்கள் உண்மையில் வியாபாரமா, வேறு பெயரில் ஊழியரா? ஒப்பந்தத்தின் தலைப்பை விட நடைமுறைக்குத்தான் மதிப்பு. காலை 9 மணிக்கு இணைய வேண்டும், லீவுக்கு அனுமதி கேட்க வேண்டும், மடிக்கணினி அவர்களுடையது, உங்களுக்குப் பதிலாக வேறொருவரை அனுப்ப முடியாது, வேறு வாடிக்கையாளரும் இல்லை. இவை சேர்ந்தால் அது வேலைதான்.

அப்படித் தீர்மானமானால் ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனத்தின் பங்கு 12 வீதமும் ஊழியரின் பங்கு 8 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் நிலுவையாகும். சேமலாப நிதி பிந்தினால் மேலதிகக் கட்டணம் 50 வீதம் வரை ஏறும். பிடிக்காமல் விட்ட சம்பள வரியையும் இறைவரித் திணைக்களம் கேட்கலாம். இவை முதலில் நிறுவனத்தின் தலையில்தான் விழும். ஆனால் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் 'இழப்பீடு' என்ற பந்தி இருந்தால் அதே சுமை உங்களிடம் திரும்பி வரும். கையெழுத்துக்கு முன் அதை நீக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தொகைக்கு உச்ச வரம்பு போடச் சொல்லுங்கள்.

இன்வொய்ஸிலும் கவனம். 'மார்ச் மாதக் கட்டணம்' என்று ஒரே தொகையை மாதாமாதம் எழுதினால் அது சம்பளச் சீட்டுப் போலத்தான் கிடக்கும். 'மென்பொருளில் பணம் செலுத்தும் பகுதி, 2ஆம் கட்டம், சோதனை முடிந்தது' என்று முடித்த வேலையை எழுதுங்கள், அது உண்மையாகவும் இருக்கட்டும். பிழையைத் திருத்தும் செலவு உங்களுடையது என்று ஒப்பந்தத்தில் இருந்தால் வியாபாரம் என்ற வாதம் பலக்கும். இரண்டாவது வாடிக்கையாளர் சிறியவரானாலும் பரவாயில்லை, தேடிக்கொள்ளுங்கள்.

அடிக்கடி நடக்கும் பிழை: இன்வொய்ஸ் கம்பனி பெயரில், பணம் சொந்தச் சேமிப்புக் கணக்கில். கம்பனிக்குத் தனிக் கணக்கும் தனி ரின் (TIN, வரி செலுத்துநர் அடையாள) இலக்கமும் வேண்டும். சேவைக் கட்டணம் மாதம் 100,000 ரூபாவைத் தாண்டினால் 5 வீதம் பிடித்துவைப்பது தனியாட்களிடம்தான். கம்பனி இன்வொய்ஸில் அதைப் பிடித்திருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

தவணை வரி ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதி. மிச்சம் செப்டெம்பர் 30, வரி விபரத்திரட்டு நவம்பர் 30. பதிவேடுகளை 5 ஆண்டுகள் வைத்திருங்கள். ஒப்பந்தம் நடைமுறையோடு பொருந்தவில்லை என்றால் இன்றைய திகதியிட்டுப் புதிதாக எழுதுங்கள். பழைய திகதியைப் போட்டால் அந்தக் காகிதமே உங்களுக்கு எதிரான சாட்சி.