படத்தை வெளியிடும் முன் ஒரு தேதி முத்திரை

கூத்தைப் புகைப்படம் எடுப்பவளுக்கு, பிட்காயின் என்ற இணையப் பணத்தின் கணக்கேடான பிளாக்செயின் எதற்கு? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு காலண்டரைப் பார்க்கும்வரை.

செய்யாறு பக்கம் ஒரு கிராமம். பள்ளிக்கூட வகுப்பறையில் டியூப்லைட் வெளிச்சத்தில் வேஷம் கட்டிக்கொண்டிருந்தார்கள். துரியோதனன் வேஷக்காரர் கையகலக் கண்ணாடியை முழங்காலில் சாய்த்து வைத்து அரிதாரம் பூசுகிறார். பாதி முகத்தில் வேஷம், மீதி இன்னும் அவர் முகம். இரண்டு வருடம் கழித்து அந்தப் படம் ஒரு நிறுவனத்தின் காலண்டரில் வேறொருவர் பெயரோடு வந்தது. போன் செய்தேன். "உங்க படம்தான்னு எதை வச்சும்மா சொல்றீங்க?" என்றார் ஒருவர். மரியாதையாகத்தான் கேட்டார்.

என்னிடம் இருந்தது ஒரு ஜேபெக் கோப்பு மட்டும். டிஸ்கில் இடம் போதவில்லை என்று, கேமராவின் மூலப் பதிவான ரா கோப்பை அழித்திருந்தேன். சரி, படத்துக்குள் கேமரா பதிந்த தேதி இருக்குமே என்று பார்த்தால் 2015 ஜனவரி 1, நள்ளிரவு தாண்டி 40 நிமிடம். பேட்டரி தீர்ந்து கடிகாரம் ரீசெட் ஆனதைக் கவனிக்காமலே எடுத்திருக்கிறேன். அன்றைக்கு அங்கே கூத்தும் இல்லை, என்னிடம் அந்தக் கேமராவும் இல்லை.

கடிகாரம் சரியாக இருந்திருந்தாலும், அந்தத் தேதியை யார் வேண்டுமானாலும் கணினியில் மாற்றிவிடலாம். நானோ அவரோ கைவைக்க முடியாத மூன்றாவது இடத்தில் ஒரு தேதி வேண்டும். இப்போது எந்தப் படமானாலும் வெளியிடும் முன் அப்படி ஒரு தேதி முத்திரை போட்டுவிடுகிறேன். இதற்குக் காசு கிடையாது. பிட்காயின் வாங்கவோ வாலட் திறக்கவோ வேண்டியதில்லை.

அடிப்படை இவ்வளவுதான். எந்தக் கோப்பையும் எஸ்எச்ஏ-256 என்ற கணக்குக்குள் விட்டால் 64 எழுத்து நீளமுள்ள ஒரு வரி வரும். ஹாஷ் என்பார்கள்; கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் வரி அடியோடு வேறாகிவிடும். வரியை வைத்துப் படத்தை உருவாக்கவும் முடியாது. ஆகவே படத்தைக் காட்டாமல் கைரேகையை மட்டும் பொதுவில் பதிந்து வைக்கலாம்.

இது பிட்காயினுக்கு முந்தைய யோசனை. ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற இருவர் 1991-இலேயே இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். 1995 முதல் அவர்களுடைய நிறுவனம், சேர்ந்த கைரேகைகளையெல்லாம் ஒன்றாகப் பிசைந்து, ஒற்றை வரியாக நியூயார்க் டைம்ஸின் வரி விளம்பரப் பகுதியில் வாராவாரம் அச்சிட்டது. ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்ட பேப்பரை யார் திரும்ப வாங்கித் திருத்துவது? பிட்காயினின் மூல ஆவணம் காட்டும் 8 மேற்கோள்களில் 3 இவர்கள் எழுதியவை. பேப்பர் இருந்த இடத்தில் இப்போது, பல கணினிகளில் பிரதி இருப்பதால் பின்னால் போய்த் திருத்த முடியாத பிளாக்செயின் இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் பயன்படுத்துவது ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற இலவச இணையச் சேவை. பீட்டர் டாட் என்ற பிட்காயின் நிரலாளர் 2016-இல் தொடங்கியது. அதன் தளத்தைத் திறந்து, முகப்பில் உள்ள கட்டத்துக்குள் கோப்பை இழுத்துப் போடுங்கள். கைரேகை உங்கள் பிரவுசரிலேயே கணக்கிடப்படும். படம் உங்கள் கணினியை விட்டுப் போகாது. சில நொடிகளில் ஓ.டி.எஸ் என்று முடியும் சின்னக் கோப்பு ஒன்று இறங்கும். அதுதான் ரசீது. படம் இருக்கும் ஃபோல்டரிலேயே அதையும் வையுங்கள்.

ஆனால் அந்த நேரத்தில் அது முழு ரசீது இல்லை, டோக்கன் மாதிரி. இந்தச் சேவையின் காலண்டர் சர்வர்கள் (இங்கேயும் காலண்டர்தான், என் தலையெழுத்து) பலருடைய கைரேகைகளைச் சேர்த்து, இரண்டிரண்டாகப் பிணைத்து, கடைசியில் மிஞ்சும் ஒன்றை மட்டும் ஒரு பிட்காயின் பரிவர்த்தனையில் வைக்கின்றன. எத்தனை பேர் படம் போட்டாலும் பரிவர்த்தனை ஒன்றுதான். அந்தக் கட்டணத்தை சர்வர் நடத்துகிறவர்களே ஏற்கிறார்கள். நமக்கு இலவசமானது அப்படித்தான். இது முடிய சில மணி நேரம் ஆகும். மறுநாள் அதே தளத்தில் ரசீதைப் போட்டு, அது கேட்கும்போது படத்தையும் போடுங்கள். பிட்காயினின் எந்த பிளாக் (கணக்கேட்டின் ஒரு பக்கம் மாதிரி), எந்தத் தேதி என்று காட்டும். முழுமையான ரசீது கிடைத்ததும் அதைப் பழையதன் இடத்தில் வைத்துவிடுங்கள். பலர் இந்த மறுநாள் வேலையை விட்டுவிடுகிறார்கள். சர்வர் ஒருநாள் இல்லாமல் போனால் டோக்கன் மட்டும் வைத்திருப்பவர் கையில் ஒன்றும் இருக்காது. முழு ரசீது இருந்தால் யார் தயவும் வேண்டாம்.

ஓர் இரவுக் கூத்தில் நான் 600, 700 படம் எடுப்பேன். ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். முதலில் எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகக் கட்டி முத்திரையிட்டேன். அது தப்பு. ஒரு படத்துக்கு ஆதாரம் காட்ட மொத்த ஜிப்பையும் எதிராளியிடம் கொடுக்க வேண்டிவரும். இப்போது எல்லா ரா கோப்புகளின் கைரேகைகளையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் பட்டியலாக எடுத்துவிடுகிறேன். கைரேகை கணக்கிட விண்டோஸிலும் மேக்கிலும் உள்ளேயே வசதி இருக்கிறது. பட்டியலின் தலையில் என் பெயர், ஊர், கூத்து நடந்த இரவு. அந்தப் பட்டியலை மட்டும் முத்திரையிடுகிறேன். சண்டை வந்தால் பட்டியலும் சம்பந்தப்பட்ட ஒரே படமும் போதும்.

எதை முத்திரையிடுவது என்பதும் முக்கியம். வெட்டாத மூலப் படத்தைத்தான். அந்தத் துரியோதனன் படத்தின் மூலத்தில் வலது ஓரம் கரும்பலகையில் "வருகை 27" என்று சாக்பீஸ் எழுத்து இருந்தது. வெளியிட்டபோது வெட்டிவிட்டேன். அந்த ஓரம் என்னிடம் மட்டும் இருந்திருக்க வேண்டியது. அதைத்தான் இடம் போதவில்லை என்று அழித்திருக்கிறேன்.

அப்புறம் வாட்ஸப். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், கைரேகை மாறிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் மாறாது. கோப்பின் பெயரை மாற்றுவதால் ஒன்றும் ஆகாது. ஆனால் எடிட்டிங் மென்பொருள் நீங்கள் கொடுத்த நட்சத்திர மதிப்பெண்ணையோ பெயரையோ ஜேபெக்குக்குள் எழுதிவிட்டால் போச்சு. முத்திரையிட்ட பிரதியைத் தனி ஃபோல்டரில் போட்டு அதைத் தொடாதீர்கள்.

இந்த முத்திரை, "இந்தக் கோப்பு இந்தத் தேதிக்கு முன்பே இருந்தது" என்று மட்டும் சொல்லும். எடுத்தது நான்தான் என்று சொல்லாது. திருடியவரும் முத்திரையிடலாம், ஆனால் நான் வெளியிட்ட பிறகுதான் அவரால் முடியும், அதுவும் வெட்டிய படத்துக்குத்தான். அதனால்தான் வெளியிடும் முன்பே செய்யச் சொல்கிறேன். மற்றபடி 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவுடனே உரிமை உண்டு, பதிவு கட்டாயமில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ்ப் படிவத்தில் ஹாஷ் எழுதவே இடம் இருக்கிறது. சீனாவில் ஹாங்சோ இணைய நீதிமன்றம் 2018-லேயே பதிப்புரிமை வழக்கு ஒன்றில் பிளாக்செயின் பதிவைச் சாட்சியமாக ஏற்றது. நம் ஊரில் வழக்கு என்று போனால், இதை மட்டும் நம்பாமல் வக்கீலைக் கேளுங்கள்.

என்எஃப்டி, அதாவது ஒரு டிஜிட்டல் பொருளுக்கு பிளாக்செயினில் பதிந்து விற்கும் உடைமைச் சீட்டு, பற்றிக் கேட்பீர்கள். பெரும்பாலும் பிளாக்செயினில் ஏறுவது படம் இல்லை, படம் இருக்கும் இடத்தின் முகவரி. யார் படத்தையும் யாரும் என்எஃப்டி ஆக்கிவிடலாம். விற்று லாபம் வந்தால் 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி. எனக்கு வேண்டியது தேதி, அதற்கு இது தேவையில்லை.

கடைசியாக ஒன்று. வருடத்துக்கு ஒருமுறை பழைய படம் ஒன்றை எடுத்து ரசீதோடு சரிபாருங்கள். போன பொங்கலுக்கு நான் செய்தபோது ஒன்று பொருந்தவில்லை, பகீரென்றது. ரசீதில் கோளாறு இல்லை. குறுக்காக இருந்த படத்தை எப்போதோ நேராகத் திருப்பிச் சேமித்திருக்கிறேன். திருப்பாத பிரதி பேக்கப் டிஸ்கில் இருந்தது. அதைப் போட்டதும் பொருந்திவிட்டது.