கத்தரி வெயிலில் கறுப்பு-வெள்ளை பிலிம் கழுவுதல்

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் கல் தேர்ச் சக்கரத்தை எச்பி5 பிளஸ் என்ற 400 வேகக் கறுப்பு-வெள்ளை பிலிமில் எடுத்தேன். நெகட்டிவை லூப் என்ற உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் ஆரங்களின் விளிம்பெல்லாம் மழுங்கி, மணல் தூவினாற்போல் இருந்தது. லென்ஸைத்தான் திட்டினேன். மூன்றாவது ரோலில்தான் புரிந்தது, குற்றம் தொட்டித் தண்ணீரில் என்று.

இருட்டில் பிலிமை ரீலில் சுற்றி, வெளிச்சம் புகாத டேங்கில் போடத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே கலவைக்கு வருகிறேன். டெவலப்பர், அதாவது பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம், எனக்கு ஐடி-11, இல்லாவிட்டால் டி-76. ஒரு பங்கு கரைசலுக்கு ஒரு பங்கு தண்ணீர். கரைசலில் லிட்டருக்கு 100 கிராம் சோடியம் சல்பைட் இருக்கிறது. அது படமாக நிற்கும் வெள்ளி மணிகளின் ஓரத்தைக் கரைத்து நைசாக்கும், கூடவே விளிம்பையும் மழுக்கும். நீர்த்தால் அந்தக் கரைப்பு குறைகிறது. ஒரு ரோல் கழுவியதும் கொட்டிவிடுங்கள். ரோடினால் என்ற இன்னொரு டெவலப்பரைப் புகழ்பவர்கள் உண்டு. 400 வேக பிலிமில் மணி குருணை அரிசியாகிவிடுகிறது, எனக்கு ஒத்துவரவில்லை.

அடுத்து சூடு. நான் சறுக்கியது இங்கேதான். டெவலப்பரை ஐஸ் வைத்து 20 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். அலசலுக்கு மட்டும் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர். சித்திரை மதியத்தில் அது எப்படி இருக்கும்? பிலிம்மேல் பூசியிருக்கும் ஜெலட்டின் சட்டென்று உப்பி, மேலே நுண்சுருக்கம் விழுந்துவிட்டது.

இப்போது எனக்கு எல்லாமே 24 டிகிரி. டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர், அலசும் தண்ணீர் நான்கும் ஒரே அன்னக்கூடையில் நிற்கும், நடுவே உறையவைத்த பாட்டில் ஒன்று. டேங்க் பழசானாலும் பரவாயில்லை, வெப்பமானியில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். டெவலப்பருக்கு 20 டிகிரியில் 13 நிமிடம் என்பது 24இல் சுமார் 9.

டேங்கை நிமிடத்துக்கு நான்கு முறை கவிழ்க்கச் சொல்வார்கள். நான் முதல் நிமிடத்துக்கு அப்புறம் இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம், இரண்டே கவிழ்ப்பு. நேரத்தை 10 நிமிடமாக்குகிறேன். டேங்க் சும்மா நிற்கும்போது வெளிச்சம் விழுந்த இடத்தில் டெவலப்பர் தீர்ந்துபோகும். பக்கத்து நிழலில் தீராமல் இருப்பது எல்லையில் கசிந்து வரும். அதனால் விளிம்பில் மட்டும் அழுத்தம் கூடி, கோடு எடுப்பாகத் தெரியும். அதற்காக அரைமணி ஆட்டாமல் விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன், வானம் திட்டுத்திட்டாகி, பிலிம் ஓரத் துளைகளை ஒட்டிக் கோடு விழுந்தது.

ஸ்டாப் பாத், பிறகு ஃபிக்ஸர் 5 நிமிடம். அலசலுக்குக் குழாயைத் திறக்கவே வேண்டாம். டேங்கை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டுங்கள், மறுபடி நிரப்பி 10, மறுபடி 20. மொத்தம் ஒரு லிட்டர்தான்.

பிற்சேர்க்கை: நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒருவர், காய்ந்த பிலிமில் வெள்ளைத் திட்டு வருகிறதே என்று கேட்டார். உப்பு போர்த் தண்ணீர்தான் காரணம். கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர் போதும். அறுவடை நாளென்றால் பிலிமைக் குளியலறையில் தொங்கவிட்டுக் கதவைச் சாத்துங்கள்; வைக்கோல் தூசி ஈர ஜெலட்டினில் ஒட்டினால் போகவே போகாது.