செடியை எங்கே வைக்கக் கூடாது?

வீட்டுக்குள் ஒரு செடி வாடினால் தண்ணீரையும் உரத்தையும்தான் முதலில் சந்தேகிக்கிறோம். பெரும்பாலும் கோளாறு தொட்டி நிற்கும் இடத்தில் இருக்கிறது. எந்த மூலை வெறுமையாகத் தெரிகிறதோ அங்கே செடியை வைத்துவிடுகிறோம். தேட வேண்டியது மூலையை அல்ல, ஜன்னலை.

வெளிச்சத்தை அளக்க நம் கண்ணை நம்ப முடியாது. உச்சி வெயிலில் திறந்த வெளியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளி இருக்கும். விளக்கு எரியும் கூடத்தில் சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் நமக்கு இரண்டுமே வெளிச்சமான இடங்கள்தான். ஒளியை உணவாக்கிப் பிழைக்கும் செடிக்கோ அது விருந்துக்கும் பட்டினிக்கும் உள்ள வித்தியாசம். ஜன்னலை விட்டு இரண்டு மீட்டர் உள்ளே தள்ளினாலே ஒளி பல மடங்கு குறைந்துவிடும். நண்பகலில், செடி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, ஓரடி உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். நிழல் கூர்மையாக விழுந்தால் நல்ல ஒளி. மங்கலாக விழுந்தால் நடுத்தரம். நிழலே தெரியாவிட்டால் அங்கே செடி வேண்டாம்.

‘நிழலில் வளரும் செடி’ என்ற பெயரும் பலரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறது. ஸ்நேக் பிளான்ட், மணி பிளான்ட் போன்றவை குறைந்த ஒளியைத் தாங்கும்; ஆனால் அதை விரும்புவதில்லை. ஒளி குறைந்தால் செடி உறிஞ்சும் நீரும் குறையும். நாம் வழக்கம்போல ஊற்றிக்கொண்டே இருப்போம். மண் ஈரம் காயாமல் வேர் அழுகும், இலை மஞ்சளாகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். இப்படிப் போன செடிகள் எத்தனையோ! அவற்றில் பலவற்றை ஜன்னலருகே நகர்த்தியிருந்தாலே காப்பாற்றியிருக்கலாம்.

இதற்காக, நிழலில் வளர்ந்த செடியை ஒரே நாளில் மேற்கு ஜன்னலின் பிற்பகல் வெயிலில் நிறுத்திவிடாதீர்கள். இலைகள் வெளுத்துப் பழுப்புத் திட்டுகளாகக் கருகும். கருகிய இலை மீண்டும் பச்சையாகாது. ஓரிரு வாரங்களில் மெல்ல மெல்லப் பழக்குங்கள், அல்லது மெல்லிய திரை போடுங்கள். பெரும்பாலான இலைச்செடிகளுக்குக் கிழக்கு ஜன்னலின் காலை வெயில் இதமானது.

ஏசி காற்று நேரே படும் இடம், அடுப்பின் பக்கம், சூடாகும் மின்சாதனங்களின் மேற்பரப்பு ஆகியவை வேண்டாம். பழக்கூடைக்குப் பக்கத்தில் ஆர்க்கிட் வைப்பதும் தவறு; பழுக்கும் பழங்கள் வெளியிடும் எத்திலீன் வாயு அதன் மொட்டுகளை உதிர்த்துவிடும்.

நல்ல இடம் கிடைத்த பிறகு அடிக்கடி மாற்றாதீர்கள். வீட்டுக்குள் வளர்க்கும் பெஞ்சமின் அத்தி, இடம் மாறினாலே கொத்துக் கொத்தாக இலை உதிர்க்கும். ஒளியை நோக்கி ஒருபக்கமாகச் சாயாமலிருக்க வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பினால் போதும்.

குழந்தையோ செல்லப்பிராணியோ இருக்கும் வீட்டில் டைஃபன்பேகியாவையும் மணி பிளான்ட்டையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். கடித்தால், அவற்றிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் வாயையும் தொண்டையையும் எரித்து வீங்கச் செய்யும். லில்லி விஷயத்தில் உயரமும் உதவாது. பூனையின் மயிரில் ஒட்டிய மகரந்தத்தை அது நக்கினால்கூடச் சிறுநீரகம் செயலிழக்கலாம். பூனை இருக்கும் வீட்டுக்குள் லில்லியே வேண்டாம்.

படுக்கையறையில் செடி வைத்தால் இரவில் மூச்சு முட்டும் என்ற பயம் மட்டும் தேவையற்றது. நாலைந்து தொட்டிச் செடிகள் சேர்ந்து இரவில் வெளியிடும் கரியமில வாயு, பக்கத்தில் தூங்குபவர் வெளியிடுவதைவிட மிகக் குறைவு. நல்ல ஜன்னல் அந்த அறையில்தான் இருக்கிறது என்றால் செடியைத் தயங்காமல் அங்கேயே வையுங்கள்.