எஃப்எம்ஆர்ஐ: வாக்சலைச் சிறிதாக்கும் முன் ஒரு நிமிடம்

மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனில், படம் துல்லியமாக வரட்டும் என்று வாக்சலை (படத்தின் மிகச் சிறிய கனசதுரத்தை) 3 மி.மீ.யிலிருந்து 2 மி.மீ.க்குக் குறைக்கத்தான் முதலில் கை போகும். கணக்கைப் பாருங்கள்: 3×3×3 என்றால் 27 கன மி.மீ., 2×2×2 என்றால் வெறும் 8. சிக்னல் கனஅளவைப் பொறுத்தது; மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. மூளைச் செயல்பாட்டால் வரும் மாற்றமே 3 டெஸ்லா காந்தப்புல வலிமையுள்ள ஸ்கேனரில் பெரும்பாலும் ஓரிரு சதவீதம்தான். அது இரைச்சலில் மூழ்கிவிடக்கூடும்.

கண்குழிக்கு மேலுள்ள முன்மூளையை ஆராய்கிறீர்களா? அங்கே கதை வேறு. அடியில் சைனஸ் காற்றறை இருப்பதால் காந்தப்புலம் சீர்கெட்டு, படத்தில் கருப்பாக ஓட்டை விழும். அந்த இடத்துக்கு மெல்லிய ஸ்லைஸ்தான் (படமெடுக்கும் ஒவ்வோர் அடுக்கும்) நல்லது. ஸ்லைஸைச் சாய்த்து எடுப்பதும், எக்கோ நேரத்தை (ரேடியோ துடிப்பு கொடுத்ததிலிருந்து சிக்னலைப் பதிவுசெய்யும் வரையான இடைவெளியை) வழக்கமான 30 மில்லி விநாடியிலிருந்து 25 பக்கம் இறக்குவதும் கைகொடுக்கும்.

தயவுசெய்து முதலில் ஒரே ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஸ்கேன் எடுங்கள். ஒவ்வொரு வாக்சலிலும் சிக்னலின் சராசரியை அதன் திட்டவிலக்கத்தால் வகுத்து, உங்களுக்கு வேண்டிய பகுதியில் அந்த எண் போதிய அளவு பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். இருபது பேரை எடுத்து முடித்தபின் தெரியவரும் ஓட்டையை எந்த மென்பொருளாலும் நிரப்ப முடியாது.