ஷ்ரிங்க் டியூபில் முடி சேர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

சவுரி நமக்குப் புதிதில்லை. பாட்டிமார் காலையில் சேர்த்துப் பின்னிக்கொண்டு, ராத்திரி அவிழ்த்து ஆணியில் மாட்டிவிடுவார்கள். இப்போது பார்லரில் ஷ்ரிங்க் டியூப், அதாவது சூட்டில் சுருங்கும் குழாய், போட்டு வைக்கும் எக்ஸ்டென்ஷன் என்கிற ஒட்டு முடி அப்படியில்லை. இரண்டு மூன்று மாதம் தலையிலேயே இருக்கும். குளிப்பதும் தூங்குவதும் அதோடுதான். பல வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். என்னிடம் கண் கலங்கி வருகிறவர்களில் பெரும்பாலோர் பொருத்திய அன்று கண்ணாடி முன்னால் சிரித்தவர்கள்தான். கழற்றும் நாளில்தான் எல்லாம் வெளியே வரும்.

முதலில் அந்த டியூப் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சுமார் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள குட்டிக் குழாய், உள்ளே மெல்லிய பசைப் பூச்சு. தொழிற்சாலையில் அதைச் சின்ன அளவில் செய்து, சூடாக்கி விரித்து, விரிந்த நிலையிலேயே ஆறவைக்கிறார்கள். மறுபடி சூடு பட்டதும் அது பழைய சின்ன அளவுக்கே திரும்பிவிடும். உள்ளிருக்கும் சொந்த முடியையும் சேர்த்த முடியையும் இறுக்கிப் பிடிக்கும், பசையும் இளகி ஒட்டிக்கொள்ளும். இதில் கவனிக்க வேண்டியது, இது ஒருவழிப் பாதை. சுருங்கிய டியூப் எத்தனை முறை சூடாக்கினாலும் விரியாது. கழற்றும்போது சூடு கொடுப்பது பசையை இளக்கத்தான். இது தெரியாமல், "நல்லா சூடு காட்டினா தானா திறந்துக்கும்" என்று நினைத்து முடியைப் பொசுக்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, காசு மிச்சம் பிடிக்கும் தவறு. எலக்ட்ரீஷியன்கள் ஒயருக்குப் போடும் ஸ்லீவும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் அதை வாங்கி வெட்டிப் போட்டுக்கொள்கிறார்கள். சாதாரண ஸ்லீவுக்குள் பசை கிடையாது. செம்புக் கம்பியைப் பிடிப்பதுபோல வழுவழுப்பான முடியை அது பிடிக்காது. நான்கு தலைக்குளியலில் நழுவிவிடும். தவிர, அது முழுதாகச் சுருங்க 100 டிகிரிக்கு மேல் சூடு கேட்கும். அதற்கு லைட்டர், ஹீட் கன் என்று எடுப்பார்கள். 60 டிகிரி வெந்நீர் ஐந்து விநாடி பட்டாலே தோல் வெந்துவிடும், நினைவிருக்கட்டும். தலைக்குப் பக்கத்தில் தீயே கூடாது. டியூபை மட்டும் கவ்விச் சூடாக்கும் சின்னக் கிளாம்ப் இருக்கிறது, அதுதான் சரி. அதிலும்கூட, தோலுக்கும் கிளாம்புக்கும் நடுவே பிளவு வைத்த வட்டத் தகடு ஒன்றைச் செருகிக்கொள்வது நல்லது. சேர்க்கிற முடி செயற்கை இழையாக இருந்தால் சூட்டில் கூடுதல் கவனம் வேண்டும், அது உருகிக் கட்டியாகிவிடும்.

முடி வாங்குவதிலும் ஏமாறுகிறார்கள். திருமலையிலும் பழனியிலும் காணிக்கையாக இறக்கும் முடி ஏலத்தில் போய் உலகம் முழுக்க எக்ஸ்டென்ஷன் ஆகிறது. ஒரே தலையில் இறக்கியதால் அதன் வேர்ப்பக்கமும் நுனிப்பக்கமும் மாறாமல் ஒரே திசையில் இருக்கும். சீப்பில் உதிர்ந்ததைத் தெருத்தெருவாக வாங்கிப் போவார்களே, அந்த முடியில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும். முடியின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றையொன்று கொக்கிபோட்டுச் சிக்காகும் என்பதால் அமிலத்தில் செதிலை நீக்கி, சிலிக்கோன் பூசி மினுக்கி விற்பார்கள். கடையில் பட்டுப்போல இருக்கும். பூச்சு கழுவிப் போனதும் தேங்காய் நார்தான்.

பொருத்தும்போது நடக்கும் பெரிய தவறு முடியைப் பிரிப்பதில். சேர்க்கிற கற்றை எவ்வளவு கனமோ, அதைத் தாங்கும் சொந்த முடியும் ஏறத்தாழ அவ்வளவு இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து முடியில் கனமான கற்றையைத் தொங்கவிட்டால் அந்தப் பத்தும் வேரோடு வரும். பக்கத்துப் பகுதியிலிருந்து இரண்டு முடி தவறி டியூபுக்குள் மாட்டிக்கொண்டாலும் வேதனைதான். தலையைத் திருப்பும்போதெல்லாம் ஊசி குத்துவதுபோல இருக்கும். "புதுசுல அப்படித்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லேசான பாரம் தெரியலாம், ஒரே இடத்தில் குத்தினால் அந்த டியூபை எடுத்து மறுபடி போடச் சொல்லுங்கள்.

டியூபைத் தலையோடு ஒட்டிப் போடுவதும் தவறு. ஒரு சென்டிமீட்டராவது இடைவெளி விட்டால்தான் முடியைத் தூக்கிக் கொண்டை போட முடியும். நெற்றியோரத்திலும் காதுக்கு மேலும் இருக்கும் மெல்லிய பூமுடியில் போடவே கூடாது. அங்கே இழுவை தொடர்ந்தால் வேர் பலவீனமாகி வழுக்கை விழும், சில சமயம் திரும்ப முளைக்காது. கல்யாணப் பெண்களுக்கு இன்னொன்று: எக்ஸ்டென்ஷன் போட்ட ஜடைமேல் பில்லையும் குஞ்சலமும் நாலு முழம் மல்லிகையும் ஏற்றினால் மொத்தக் கனமும் அந்தக் குட்டி டியூப்களில்தான் தொங்கும். ஒரு நாள் முகூர்த்தத்துக்கு அந்தப் பழைய சவுரியே போதும், கழற்றவும் ஆள் தேவையில்லை.

அப்புறம் எண்ணெய். இதை எத்தனை முறை சொன்னாலும் வீட்டில் அம்மா ஜெயித்துவிடுவார். வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து உச்சியில் அரக்கி விட்டால் பசை வழுக்கி டியூப் இறங்கும். பொருத்துவதற்கு முன்பும் இதே கதைதான். எண்ணெயோ கண்டிஷனரோ மிச்சமிருக்கும் தலையில் பசை பிடிக்காது. நன்றாக அலசி, முழுதாகக் காயவைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். பொருத்திய பிறகு முடி கீழ்ப்பாதிக்கு மட்டும் இரண்டு சொட்டு எண்ணெய் தடவலாம், வேர்ப்பக்கம் வேண்டாம். ஈரத்தோடு கொண்டை போட்டுத் தூங்கும் பழக்கத்தையும் இந்த மூன்று மாதம் விட வேண்டும். டியூப் வரிசைகளுக்கு நடுவே ஈரம் தங்கி நாற்றமடிக்கும், அரிக்கும்.

சரி, கழற்றுவதற்கு வருவோம். போன வருடம் ஒரு கல்லூரிப் பெண் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். எடுத்தால், பின்னந்தலையில் இரண்டு அங்குல நீளத்தில் குச்சிகுச்சியாக முடி நிற்கிறது. வீட்டிலேயே டியூபுக்குக் கீழே கத்தரித்திருக்கிறாள். "கீழ இருக்கிறது ஒட்டு முடிதானே அக்கா" என்றாள். ஒட்டு முடி மட்டுமில்லை, அவளுடைய சொந்த முடியும் அதே டியூப் வழியாகத்தான் இறங்கி வருகிறது! இரண்டும் ஒரே நிறம் என்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை. கத்தரிக்கோலைத் தள்ளி வையுங்கள். கிளாம்பால் டியூபைச் சில விநாடி கவ்விப் பிடித்து, இன்னொரு கையின் விரல்களால் டியூபுக்கு மேலே வேர்ப்பக்கத்தை அழுத்திக்கொண்டு, சூடு ஆறும் முன் டியூபைக் கீழ்நோக்கி நகர்த்த வேண்டும். நகரவில்லையா, இழுக்காமல் மறுபடி சூடு கொடுங்கள். நூறு டியூப் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அவசர நாளில் உட்காராதீர்கள்.

தாமதமும் இங்கே வந்து கணக்கு கேட்கும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால் டியூபும் கீழே இறங்கிக்கொண்டே போகும். ஐந்தாறு மாதம் இழுத்தடித்தால் டியூபுக்கு மேலே தூசும் எண்ணெயும் உதிர்ந்த முடியும் சேர்ந்து ஒரு முடிச்சு கட்டியிருக்கும். டியூபை எடுத்ததும் அந்த முடிச்சைக் காய்ந்த தலையிலேயே விரலாலும் சீப்பு நுனியாலும் பிரித்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் நேராக ஷாம்பு போட்டுவிட்டால் தண்ணீரில் இறுகிச் சடை பிடித்துவிடும், பிறகு வெட்டத்தான் வேண்டும்.

பிரிக்கும்போது கையில் உருண்டையாக முடி வரும், பயந்துவிடாதீர்கள். நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. மூன்று மாதத்துக்கு 4,500 முதல் 9,000. அதில் டியூபுக்குள் மாட்டியவை கீழே விழ வழியில்லாமல் அங்கேயே காத்திருந்தவை. சந்தேகமிருந்தால் நாலைந்தை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்து, முடி முழு நீளமும் இருந்தால் அது தானாக உதிர வேண்டிய முடி. குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் உடைந்தது. சூடோ இழுவையோ அதிகமாகியிருக்கிறது. அப்படியிருந்தாலோ, நெற்றியோரத்தில் தோல் பளபளவென்று தெரிந்தாலோ, அடுத்த செட்டுக்கு நாள் பார்க்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால் அம்மாவிடம் போய் அந்த வெள்ளிக்கிழமைப் பாக்கியை ஆசைதீரத் தேய்த்துக்கொள்ளலாம்.