டியூட்டியை ‘மிச்சம்பிடிக்க’ப் போகிறவர்களுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் புதிதாகக் கடை போடுகிற பொடியன்கள் இப்போது நேரே சீனாவோடு கதைக்கிறார்கள். அலிபாபாவில் ஒரு சப்ளையரைப் பிடித்து, வட்ஸ்அப்பில் விலை பேசி, காசையும் கட்டிவிட்டுத்தான் கிளியரிங் செய்கிற, அதாவது சுங்கத்தில் தீர்வை (டியூட்டி) கட்டிச் சரக்கை விடுவித்துக் கொடுக்கிற எங்களுக்குக் கோல் எடுக்கிறார்கள். முதல் கேள்வியே இதுதான்: "அண்ணை, டியூட்டியக் கொஞ்சம் குறைக்க வழி ஒண்டும் இல்லையா?" நான் தொழிலுக்கு வந்த காலத்தில் மத்திய வீதிக் கடைக்காரர்கள் கேட்டதும் இதையேதான். அவர்கள் விழுந்த குழியும் இன்னும் மூடப்படவில்லை.

ரின் (வரி செலுத்துவோர் அடையாள) இலக்கம் எடுக்காமல் ஓடர் பண்ணுவது, பெயரில் எழுத்துப்பிழை விடுவது எல்லாம் இரண்டு நாள் அலைச்சலோடு முடியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"துறைமுகம் எங்கட ஊரிலதானே"

ஊரில்தான் இருக்கிறது. ஆனால் இங்கே வருவது பிறீமாவுக்குக் கோதுமை, டோக்கியோ சீமெந்துக்குக் கிளிங்கர், சீனக்குடாவுக்கு எண்ணெய் என்று மொத்தச் சரக்கு. உங்கள் எல்ஈடி பல்பும் இன்ஜின் பாட்ஸும் வரும் கொண்டெய்னர் கொழும்பில்தான் இறங்கும். பரிசோதனையும், பிரச்சினை வந்தால் விசாரணையும் அங்கேதான். இங்கே கஸ்டம்ஸில் தெரிந்தவர் இருப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

அரைவாசி இன்வொய்ஸ்

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துகிற தவறு இது. பத்து லட்ச ரூபாய்ச் சாமானுக்கு ஐந்து லட்சம் என்று சப்ளையரிடம் இன்வொய்ஸ் போட்டு வாங்குவது. சப்ளையர் மறுக்கமாட்டான், அவன் நாட்டில் அவனுக்கு ஒரு நட்டமும் இல்லை. "எல்லாரும் இப்பிடித்தான் செய்யினம்" என்று அவனே சொல்லியும் தருவான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தீர்வை விழுவது சாமானின் விலைக்கு மட்டுமல்ல. கப்பல் கூலி, காப்புறுதி எல்லாம் சேர்ந்த சீ.ஐ.எஃப். பெறுமதிக்கு. அதன்மேல் துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி வரி, சில பொருளுக்கு செஸ் என்ற மேலதிக வரி, பிறகு இவற்றையும் சேர்த்த தொகைக்கு 18 வீத வற் (பெறுமதி சேர்) வரி. எல்லாம் கூடி 40 வீதம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து லட்சத்தை மறைத்தால் மிஞ்சுவது இரண்டு லட்சம். பிடிபட்டால் அந்த இரண்டு லட்சத்தையும் கொஞ்சம் தண்டத்தையும் கட்டினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

அப்படியில்லை. சுங்கக் கட்டளைச் சட்டம் 1869ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் எழுதியது. திருத்தங்கள் வந்தாலும் பல்லு விழவில்லை. பொய்யாகக் காட்டிய சாமான் முழுவதும் பறிமுதலாகலாம். 129ஆம் பிரிவில் தண்டம் ஒரு லட்சம் ரூபாய் அல்லது மூன்று மடங்கு. இரண்டில் எது என்று தீர்மானிப்பவர் சுங்கப் பணிப்பாளர் நாயகம். எதனுடைய மூன்று மடங்கு? ஏய்த்த வரியினதல்ல, சாமானின் பெறுமதியினது. இரண்டு லட்சம் மிச்சம்பிடிக்கப் போனவர் பத்து லட்சச் சாமானையும் இழந்து முப்பது லட்சத் தண்டத்துக்கும் முகம் கொடுக்கலாம். தண்டத்தைக் குறைக்க 163ஆம் பிரிவில் இடமிருக்கிறது. அது அவர்கள் இரங்கித் தருவது, நீங்கள் உரிமையோடு கேட்பதல்ல.

"எப்பிடித் தெரியவரும்?" என்று கேட்பார்கள். அதே தொழிற்சாலைச் சாமானை அதே மாதம் கொழும்புக்காரர் நால்வர் இறக்கியிருப்பார்கள், அவர்கள் காட்டிய விலை கணினியில் கிடக்கும். உங்கள் விலையில் சந்தேகம் வந்தால் அதே பொருளின் விலை, பிறகு ஒத்த பொருளின் விலை என்று ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு போக சட்டத்தின் அட்டவணையிலேயே வழி இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரரையும் மறக்கவேண்டாம். தகவல் கொடுப்பவருக்குச் சன்மானம் உண்டு, உங்கள் மலிவு விலையால் அவருடைய வியாபாரம் ஏற்கெனவே படுத்திருக்கும்.

உப்புவெளிப் பக்கத்துத் தம்பி ஒருவருடைய கதை இது. மோட்டர் பம்பும் அதன் பாட்ஸும் எடுத்தார். தாளெல்லாம் சுத்தம், வங்கியில் அனுப்பிய காசும் இன்வொய்ஸும் சதம் பிசகாமல் பொருந்தின. கொண்டெய்னரைத் திறந்து முதல் பெட்டியை உடைத்தால் மேலேயே உண்மையான விலைப்பட்டியல். தொழிற்சாலையில் பொதி கட்டிய பிள்ளை வழக்கம்போலத் தன் வேலையைச் செய்திருக்கிறது! மிச்சக் காசு எப்படிப் போனது என்பது அடுத்த கேள்வி. உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள்மூலம் போனது. அதோடு சுங்க விவகாரம் அந்நியச் செலாவணி விவகாரமாகவும் ஆனது. அதற்கு 2017ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. விசாரணை இழுபட்ட காலமெல்லாம் துறைமுகக் களஞ்சியக் கட்டணம் ஒரு பக்கம், கொண்டெய்னரைத் திருப்பித் தராததற்குக் கப்பல் கம்பனியின் கட்டணம் மறுபக்கம். தவணைக்குத் தவணை இரவு பஸ்ஸில் கொழும்பு. கடைசியில் பம்பும் இல்லை, கடையும் இல்லை. தாயின் நகை மட்டும் இன்னும் அடகில் கிடக்கிறது.

பெட்டி தப்பி வந்து கடையில் விற்றும் முடித்தாயிற்று என்றாலும் நிம்மதி இல்லை. சரக்கை விடுவித்த பிறகும் கணக்கைக் கேட்டுக் கணக்காய்வு வரலாம்.

பெயரை மாற்றி எழுதுவது

தீர்வை குறையும் என்று நினைத்து, சாதாரண நைலோன் கயிற்றை மீன்பிடிக் கருவி என்று போடச் சொல்லிக் கேட்கிறவர்கள் கிண்ணியாவிலும் உண்டு, கொட்பேயிலும் உண்டு. கேட்க நியாயம் மாதிரி இருக்கும், ஏனென்றால் கயிறு கடலுக்குத்தான் போகிறது. ஆனால் தீர்வைக்காகப் பொருளை வகைப்படுத்துகிற எச்.எஸ். குறியீடு சாமான் என்ன என்பதைப் பார்க்கும், உங்கள் மனதில் இருப்பதைப் பார்க்காது. உண்மையிலேயே சந்தேகம் என்றால் ஓடர் பண்ண முதல் சுங்கத்திடம் எழுத்தில் கேட்டு வகைப்படுத்தல் தீர்மானம் எடுங்கள். கிடைத்தால் அந்தக் கடிதமே உங்களுக்குக் கவசம்.

மச்சான் பெயரில், சித்தி பெயரில்

கட்டாரிலிருந்து வருகிறவர்களின் பொதியில் பிரித்துப் போடுவது. ஒரே மாதிரி நாற்பது போனை யாரும் அன்பளிப்பு என்று நம்பமாட்டார்கள். போனுக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டும்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிறர் பொதி

வாங்காதீர்கள். தீர்வைக்குக் காட்ட ஒன்றுமில்லை என்பவர்களுக்கான பச்சை வழியால் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் நீங்கள்தான்.

கடலால்

கிழக்குக் கடற்படைக் கட்டளையகம் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு, படகில் கள்ளமாக இறக்கலாமா என்று கேட்கிறீர்களா?

"உள்ளுக்கு ஆள் இருக்கு"

அந்த ஆளுக்கு இடமாற்றமும் வரும்.

ஏஜெண்டின் தலையில் கட்டுவது

"அவர் சொன்னபடி செய்தன்" என்று விசாரணையில் சொல்லலாம்தான். இறக்குமதியாளர் பெயர் உங்களுடையது. தீர்வை கட்டியாயிற்று, சட்டப்படி வந்தது என்று நிரூபிக்கிற பொறுப்பும் 152ஆம் பிரிவின்படி சாமானுக்குச் சொந்தம் கொண்டாடுகிறவருக்கே. குற்றத்தை அவர்கள் நிரூபிக்கட்டும் என்று கைகட்டி நிற்க முடியாது.

நேர்வழியைக் கேட்காமல் விடுவது

குறைக்கச் சட்டப்படியும் வழி உண்டு, அதை யாரும் கேட்பதில்லை. இந்தியாவோடு 2000 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் பல பொருளுக்குத் தீர்வைச் சலுகை இருக்கிறது. அதற்கு, சாமான் இந்தியாவில் செய்தது என்ற உற்பத்திச் சான்றிதழ் வேண்டும். கப்பல் வந்து சேர்ந்த பிறகு தூத்துக்குடிக்குக் கோல் எடுத்துச் சான்றிதழ் கேட்டால் அவன் என்ன செய்வான்? ஓடரோடு சேர்த்தே கேளுங்கள். சப்ளையர் உண்மையாகவே விலை குறைத்தால் அந்தப் பேச்சுவார்த்தை மின்னஞ்சல்களை அழிக்காமல் வையுங்கள். மலிவாக வாங்குவது குற்றமல்ல, மலிவாக வாங்கியதைக் காட்ட முடியாமல் போவதுதான் சிக்கல்.

பிடிபட்ட பிறகு சும்மா இருப்பது

சாமானைக் கைப்பற்றியாயிற்று என்றால், கைப்பற்றிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் எழுத்தில் உரிமை கோரி, கேட்கிற பிணையையும் கொடுக்கவேண்டும். 154ஆம் பிரிவு. மாதம் தாண்டினால் சாமான் பறிபோனதாகவே கொள்ளப்படும். கடிதம் ஊருக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் அதிகம். அப்படி எண்ணாமல் அன்றைக்கே ஒரு சட்டத்தரணியைப் பிடியுங்கள்.