கோழியை அடை வைக்கும் முறை

முட்டையிட்டு முடித்த கோழி கூட்டை விட்டு எழாமல், கிட்டப் போனால் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறதா? சரி, அடைக்குத் தயார்.

மூங்கில் கூடையில் பாதிக்கு மணல் போட்டு, நடுவில் லேசாகக் குழித்து, மேலே வைக்கோல் பரப்புங்கள். பேனுக்காக நான் அடுப்புச் சாம்பலும் சேர்ப்பேன். மணலில் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் வைப்பது எங்கள் அம்மா பழக்கம். இடி இடித்தால் முட்டை கெடாதாம். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் வைத்துவிடுவேன், வீட்டில் சண்டை எதற்கு?

இட்டு ஒரு வாரத்துக்கு மேற்படாத முட்டையாக 10, 12 போதும். 18 வைத்தால் ஓரத்து முட்டைகளுக்குச் சூடு எட்டாது. இருட்டிய பிறகு கோழியை ஏற்றினால் அமைதியாக உட்காரும்.

ஏழாம் நாள் இரவு செல்போன் டார்ச்சை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பாருங்கள். சிலந்திக்கால் போல ரத்த நரம்புகள் ஓடினால் கரு பிடித்திருக்கிறது. ஒன்றுமில்லாமல் பளிச்சென்று தெரிந்தால் கூமுட்டை. எடுத்துவிடுங்கள், விட்டால் வெடித்து நாறும்.

தீனிக்கும் தண்ணீருக்கும் கோழி தினம் ஒருமுறை இறங்க வேண்டும். இறங்காவிட்டால் நீங்களே தூக்கி விடுங்கள்.

21ஆம் நாள் ஓடு விரியும். குஞ்சை உரித்தெடுக்கக் கை பரபரக்கும். தொடாதீர்கள், ரத்தம் கசியும். முதல் தீனி நொய்யும் உடைத்த கம்பும். அப்புறம், ஒரு வாரத்தில் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் தடுக்கும் சொட்டு மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள்.